காணாமல் போன நான்கு மரக்கட்டைகள்

என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மாடியில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையைத் தேடி வருகிறவர்கள். மீதிப் பேர் அந்தக் கடை மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு என்னைத் திட்ட வருகிறவர்கள். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்குக் கதவைத் தட்டிய பெண்ணிடம், "மாடிங்க. ஞாயித்துக்கிழமை லீவு," என்று தலை நிமிராமலேயே சொன்னேன்.

"துப்பறியறவர் நீங்கதானே?"

மேசைமேல் இருந்த காலைக் கீழே இறக்கினேன். குறுக்கெழுத்துப் புதிரை இழுப்பறைக்குள் தள்ளினேன். ஒரே நேரத்தில் நான்கு கொலைகளைப் பற்றி யோசிப்பவனின் முகத்தை வரவழைத்துக்கொண்டேன்.

"அவரேதான்," என்றார் எதிர் மேசையில் இருந்த அண்ணி. "இப்பத்தான் கொஞ்சம் ஓய்வா இருக்கார். போன வருஷத்துலேருந்து."

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் விபத்து மனுக்களைப் படித்தவர். 'சும்மா நின்றிருந்த என் வண்டியின்மீது மின்கம்பம் வந்து மோதியது' என்கிற ரகக் கதைகளை ஆயிரக்கணக்கில் ஜீரணித்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கி, வீட்டில் பொழுது போகாமல் என் உதவியாளராகச் சேர்ந்தார். வண்டி ஓட்டுவது, ஆட்களைப் பேச வைப்பது, குற்றவாளியைக் கண்டுபிடிப்பது போன்ற சில்லறை வேலைகளை அவர் பார்த்துக்கொள்வார். சிந்திக்கும் பொறுப்பு முழுக்க என்னுடையது.

வந்தவர் உட்கார்ந்தார். என்னை உற்றுப் பார்த்தார்.

"உங்களை எங்கயோ பார்த்திருக்கேன். நான் டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக்குடுக்கறவ. நீங்க மூணு தடவை டெஸ்ட்ல..."

"அது வேற யாராவதா இருக்கும்," என்றேன்.

"இவரேதான். மூணாவது தடவை அதிகாரி வண்டியிலேருந்து இறங்கி நடந்தே போயிட்டாராம்," என்றார் அண்ணி. "நீங்க விஷயத்துக்கு வாங்க."

விஷயம் இதுதான். அவருடைய கணவர் டிங்கர். நசுங்கிய, துருப்பிடித்த கார் உடம்புகளை அடித்து நிமிர்த்துகிற வேலை. ஊரில் இருக்கும் பழைய கார் பிரியர்கள் சங்கத்தின் மொத்த வண்டிகளும் அவர் கைபட்டுத்தான் எழுந்து நின்றவை. அவற்றில் முதலாவது, சங்கத் தலைவரின் பச்சைக் கார். அறுபது வயதான வண்டி. பதினோரு வருடமாகப் புதுப்பித்து, இப்போதுதான் முடிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை ராத்திரி அது டிங்கரின் ஷெட்டிலிருந்து காணாமல் போய்விட்டது. பூட்டு உடையவில்லை. சாவி மூன்று பேரிடம் இருந்தது: டிங்கர், தலைவர், அதே ஷெட்டில் தன் வண்டி ஒன்றையும் விட்டிருக்கும் பல் டாக்டர்.

"சங்கத்து வாட்ஸ்அப் குரூப்ல தலைவர் எழுதிட்டார். 'காரைத் தூக்கினது டிங்கர்தான். ஞாயிறு மதியம் பன்னெண்டு மணிக்குள்ள வண்டி வரலைன்னா போலீஸ்'னு. ஷெட்டுக்கு இடம் குடுத்தவர் நேத்து வந்தார். 'போலீஸ் ஜீப் வாசல்ல நின்னா அன்னிக்கே காலி பண்ணிடணும்'னு சொல்லிட்டுப் போயிட்டார். பதினாலு வருஷமா இருக்கற இடம். அதுக்கப்புறம் எந்த ஊர்ல யார் என் வீட்டுக்காரரை நம்பி வண்டி விடுவாங்க?"

அவர் அழவில்லை. பயிற்சி வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவர் போலக் கால்கள் மட்டும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தன.

"திருட்டு இன்சூரன்ஸ் இருக்கா அந்தக் காருக்கு?" என்றார் அண்ணி.

"இல்லைங்க. புதுப்பிக்கிற வேலை முடிஞ்சப்புறம் எடுத்துக்கலாம்னு விட்டுட்டார்."

அண்ணியின் முகம் சற்று வாடியது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியைச் சொந்தக்காரர் ஒளித்து வைக்க மாட்டார் என்பது அவருடைய இருபத்திரண்டு வருட அனுபவம்.

"அப்படின்னா தலைவர் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவர்," என்று தீர்ப்பு வழங்கினேன். "டிங்கர் நம்ம கட்சி. பாக்கி?"

"பல் டாக்டர். அந்தக் காரைத் தனக்குக் குடுங்கன்னு தலைவரை மூணு தடவை கேட்டிருக்கார்."

நான் எழுந்தேன். வழக்கு முடிந்துவிட்டதாக என் உள்மனம் சொன்னது. என் உள்மனத்தைப் பற்றி அண்ணிக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஷெட் நீளமாக, இருட்டாக, பெயின்ட் தின்னர் வாசனையோடு இருந்தது. சுவரில் கதவுகளும் மட்கார்டுகளும் மாட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் சாக்பீஸில் உரிமையாளரின் பட்டப்பெயர். நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். புதிதாக வாங்கிய சட்டை என்பதையும் பாராமல் தரையில் குப்புறப் படுத்தேன். அரை மணி நேரம் அங்குலம் அங்குலமாக நகர்ந்தேன். எண்ணெய்த் துளிகளின் வரிசையைப் பார்த்தேன். திருகாணி ஒன்றைக் கைக்குட்டையில் பொதிந்தேன். முடிவில் தலையைத் தூக்கி, "கார் பின்பக்கமா நகர்த்தப்பட்டிருக்கு. இழுத்தவன் இடதுகைப் பழக்கம் உள்ளவன்," என்று அறிவித்தேன்.

கதவருகே நின்றிருந்த டிங்கர் செருமினார். ஒல்லியான மனிதர். நகக்கண்களில் எந்தச் சோப்புக்கும் போகாத பச்சை.

"சார், அது டாக்டர் வண்டி நின்ன இடம். பெயின்ட் அடிக்க நான்தான் பின்பக்கம் தள்ளி வெச்சிருக்கேன். காணாமப் போனது அந்தப் பக்கம் நின்னுச்சு."

"தெரியும்," என்றேன். "ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்காக."

"நல்லா ஒப்பிட்டீங்க. சட்டையை மாத்திக்கறீங்களா?" என்றார் அண்ணி. அவர் ஏற்கெனவே அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டிருந்தார். குனியக்கூட இல்லை. "இங்க தூசி மேல நாலு இடத்துல கட்டம் கட்டமா சுத்தமா இருக்கே, அது என்ன?"

"மரக்கட்டை வெச்சிருந்த இடம் மேடம். நாள்பட நிக்கற வண்டிக்கு ஹேண்ட் பிரேக் போட்டு வெக்கக் கூடாது. உள்ளே பிரேக் கட்டை டிரம்மோட ஒட்டிக்கும், அப்புறம் சக்கரம் சுத்தாது. அதனால பிரேக்கை விட்டுட்டு சக்கரத்துக்கு ஒரு மரக்கட்டை முட்டுக் குடுப்போம்."

"கட்டைங்க எங்கே?"

டிங்கர் சுற்றும்முற்றும் பார்த்தார். மனைவியும் பார்த்தார். நானும், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாமல், கூரையைப் பார்த்தேன்.

"அதையும் காணோம்," என்றார் டிங்கர். "துணி உறையையும் காணோம்."

"திருட வந்தவன் கட்டையைக் காலால எத்திட்டுப் போவான். நாலையும் குனிஞ்சு பொறுக்கி வண்டிக்குள்ள வெச்சுக்கிட்டா போவான்?" அண்ணி தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார். "ஒரு மனுவுல இப்படித்தான். வீடு பூரா எரிஞ்சு போச்சாம், கல்யாண ஆல்பம் மட்டும் முந்தின நாளே அக்கா வீட்டுக்குப் போயிருந்துச்சாம்."

"இதை நானும் கவனிச்சேன்," என்றேன். "எடுத்தவன் விக்கறதுக்கு எடுக்கலை. எங்கயோ கொண்டுபோய்ப் பத்திரமா நிறுத்தி வெக்க எடுத்திருக்கான். அந்த வண்டி மேல உயிரையே வெச்சிருக்கறவன். அதாவது பல் டாக்டர்."

முதல் மூன்று வாக்கியங்களுக்கு அண்ணி தலையாட்டினார். நான்காவதற்கு ஆட்டவில்லை.

"பேட்டரி?" என்று டிங்கரைக் கேட்டார்.

"நாள்பட நிக்கற வண்டிக்கு அதோட வயரைக் கழட்டிடுவோம், இல்லைன்னா சார்ஜ் இறங்கிடும். ஆனா அன்னிக்கு மாட்டித்தான் இருந்துச்சு. செவ்வாக்கிழமை சாயங்காலம் இன்ஜினைப் போட்டுப் பார்த்தேன். மறுநாளும் போடணும்னு வயரைக் கழட்டாம விட்டேன்."

"வண்டியில ஏதாவது கோளாறு இருந்துச்சா? மறைக்க வேண்டிய மாதிரி?"

டிங்கர் கைத்துணியால் விரல்களைத் துடைக்கத் தொடங்கினார். "வாடிக்கையாளர் வண்டியைப் பத்தி நான் வெளியே பேசறதில்லை மேடம். அவரே என்னைத் திருடன்னாலும்."

அவருடைய மனைவி பெருமூச்சு விட்டார். மணி பத்து.

சங்கம் ஞாயிறுதோறும் பெட்ரோல் பங்கின் பின்புறம் கூடும். எட்டுப் பழைய கார்கள் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் ஒரு நடுத்தர வயது மனிதர் தலையை விட்டிருந்தார். பல் டாக்டர் இந்தச் சங்கத்தில் சேர்ந்ததற்குக் காரணம் எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

என் வேஷம் பழைய கார் வாங்க வந்திருக்கும் பணக்காரர். அண்ணி என் டிரைவர். இதில் பாதி உண்மை.

"ஒரு பழைய கார் வாங்கலாம்னு இருக்கேன்," என்றேன்.

அதற்குப் பிறகு இருபது நிமிடம் நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. எட்டுத் தலைகளும் வெளியே வந்தன. ஹெட்லைட் என்று அழைக்கப்படும், சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். "மீட்டரை நம்பாதீங்க. பிரேக் பெடல் ரப்பரைப் பாருங்க. மீட்டர் இருபதாயிரம்னு காட்டும், ரப்பர் என் தலை மாதிரி வழுவழுன்னு இருக்கும்."

"இன்ஜினைச் சூடாக்கி வெச்சிருந்தா வந்த வழியே திரும்பிடுங்க," என்றார் பல் டாக்டர். "ஜில்லுனு இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. முனகல் அப்பத்தான் கேக்கும். என் தொழில்லயும் அப்படித்தான்."

"முதல்ல சிவப்பு வாங்காதீங்க."

"சிவப்புதான் வாங்கணும்."

"வாங்கவே வாங்காதீங்க. என் சம்சாரம் என்னோட பேசி நாலு வருஷம் ஆச்சு."

கூட்டம் விலகி வழி விட்டது. தலைவர் வந்தார். கார் இல்லாத அந்த மனிதர் கார் ஓட்டும் தோல் கையுறைகளை மட்டும் அணிந்திருந்தார். துக்கம் அவருக்குப் பொருத்தமாகத் தைத்த கோட்டு போல இருந்தது.

"காந்தம்," என்றார் தலைவர். "ஒரு சின்னக் காந்தத்தைப் பாக்கெட்ல வெச்சுக்கோங்க. கதவுல வைங்க. தகரம்னா ஒட்டும். துருப்பிடிச்ச ஓட்டையில பட்டிங்கற பசையை அப்பி, தேய்ச்சு, மேல பெயின்ட் அடிச்சு ஏமாத்தியிருந்தா கீழே விழும். பட்டி பூசின வண்டியை என் விரோதிக்குக்கூட நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பதினோரு வருஷம், இந்த ரெண்டு கையால, தகரத்தைத் தகரத்தோட ஒட்ட வெச்சேன். இன்னிக்கு அது எங்கேயோ..."

ஹெட்லைட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அடுத்த ஞாயிறு கண்காட்சி வேற," என்று பல் டாக்டர் என் காதில் சொன்னார். "இத்தனை வருஷம் தலைவரே நடுவர், வேலை முடியாம நின்னாலும் தலைவர் வண்டிக்கே முதல் பரிசு. இந்தத் தடவை வெளியேயிருந்து ஆள் வருது. ஒவ்வொரு வண்டியையும் காந்தம் வெச்சுப் பார்ப்பாராம். பாவம், தலைவருக்குக் குடுத்து வெக்கலை."

பேச்சை மாற்றப் பார்க்கிறான், படவா, என்று நினைத்துக்கொண்டேன். மணி பதினொன்று பத்து. என் பொறியை விரிக்கும் நேரம் வந்துவிட்டது.

பொறி எளிமையானது. இந்த ஆட்களால் எதை வேண்டுமானாலும் தாங்க முடியும், ஒரு பழைய கார் கொடுமைப்படுத்தப்படுவதை மட்டும் தாங்க முடியாது. பல் டாக்டரின் முகத்துக்கு நேராக நின்றுகொண்டேன். கண் இமைக்காமல் அவரையே பார்த்தபடி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அந்தப் பச்சைக் காரைப் பார்த்தாராம். ஓர் இருட்டு ஷெட்ல. மேல பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு, கயிறு கட்டி."

ஒரு முனகல் எழுந்தது. "பிளாஸ்டிக்கா? உள்ளே வேர்க்குமே," என்றார் ஹெட்லைட்.

"டயர்ல காத்து இல்லை. ஹேண்ட் பிரேக்கை நல்லா இழுத்துப் போட்டிருக்காம்."

பல் டாக்டர் கண்களை இறுக மூடிக்கொண்டார். நெற்றியில் வியர்வை. எனக்கு வெற்றிக் களிப்பில் காது அடைத்தது. பின்னால் யாரோ ஏதோ கோபமாகப் பேசுவது மட்டும் கேட்டது.

"எவன் சொன்னது? பிளாஸ்டிக் எல்லாம் கிடையாது. பருத்தி உறை. நாலு சக்கரத்துக்கும் கட்டை குடுத்திருக்கு. பேட்டரி வயரைக்கூடக் கழட்டி வெச்சாச்சு. கண்டதையும் உளறாதீங்க."

"கொஞ்சம் இருங்க தலைவரே," என்றேன், திரும்பாமலேயே. "டாக்டர், ஏன் கண்ணை மூடினீங்க? ஒரு குற்றவாளிதான் தன்னோட..."

"தம்பி," என்றார் அண்ணி.

"ஒரு நிமிஷம் அண்ணி. டாக்டர், செவ்வாக்கிழமை ராத்திரி நீங்க..."

"தம்பி. திரும்புங்க."

திரும்பினேன். தலைவர் ஒரு கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றிக்கொண்டிருந்தார். மற்ற எட்டுப் பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் புரிந்தபிறகு கடைசியாக எனக்கும் புரிந்தது. என் தொழில் வாழ்க்கையில் இது புதிதல்ல.

"என் வண்டியை எப்பவும் அப்படித்தான் வெச்சிருப்பேன்," என்றார் தலைவர். "அந்தப் பழக்கத்துல சொன்னேன்."

"செவ்வாக்கிழமை சாயங்காலம் டிங்கர் இன்ஜினைப் போட்டுப் பார்த்திருக்கார்," என்றார் அண்ணி, பழைய மனுவைப் படிக்கும் குரலில். "மறுநாளும் போடணும்னு வயரை மாட்டியேதான் விட்டுட்டுப் போனார். அதைக் கழட்டினவர், வண்டி ஷெட்டை விட்டு வெளியே போனப்புறம்தான் கழட்டியிருக்கணும். எந்த ஷெட்லங்க கழட்டினீங்க?"

தலைவர் கையுறைகளைப் பாக்கெட்டுக்குள் திணித்தார்.

"மாமியார் வீட்ல," என்றார் தலைவர்.

மாமியார் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. எட்டுப் பழைய கார்களும் கிளம்பின. ஐந்து போய்ச் சேர்ந்தன. அண்ணி ஃபோன் செய்து, டிங்கரையும் அவர் மனைவியையும் ஸ்கூட்டரில் வரவழைத்திருந்தார். உறையை விலக்கினோம். பச்சைக் கார் அழகாகத்தான் இருந்தது. சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு மரக்கட்டைகள்.

பல் டாக்டர் பாக்கெட்டிலிருந்து காந்தத்தை எடுத்தார். பானெட்டில் வைத்தார், டொக் என்று ஒட்டியது. கதவில் வைத்தார். அது வழுக்கி, ஹெட்லைட்டின் செருப்பின்மேல் விழுந்தது. அடுத்த கதவிலும் விழுந்தது. ஹெட்லைட் குனிந்து காந்தத்தை எடுத்து, சந்தேகம் தீர இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார்.

"நாலு கதவும் பட்டிதாங்க," என்றார் டிங்கர். இனி மறைக்க ஒன்றுமில்லை என்பதால் சொன்னார். "பூசினது நான்தான். கீழ்ப்பாதி முழுக்க அரிச்சுப்போச்சு, புதுத் தகரம் வெட்டி ஒட்ட வெக்க நாலு மாசம் ஆகும்னேன். பத்திரிகைக்குப் படம் எடுக்க வராங்க, சீக்கிரம் முடிங்கன்னார்."

"கண்காட்சி முடிஞ்சதும் கிடைச்சிடுச்சுன்னு சொல்லியிருப்பேன்," என்றார் தலைவர். "இவர் மேல எனக்குத் தனிப்பட்ட கோபமெல்லாம் கிடையாது. பட்டி விஷயம் இவருக்கு மட்டும்தான் தெரியும். இவர் சொன்னா யாரும் நம்பக் கூடாது, அவ்வளவுதான்."

"கண்காட்சி அடுத்த ஞாயிறு," என்றார் டிங்கரின் மனைவி. "அதுவரைக்கும் இவர் எங்கே உட்கார்ந்திருப்பார்னு நினைச்சீங்க?"

தலைவர் துணி உறையை மடிக்கத் தொடங்கினார். மணி பதினொன்று ஐம்பது.

"குரூப்ல எழுதுங்க," என்றார் டிங்கர். "திருடன்னு எழுதின இடத்துலேயே."

தலைவர் எழுதினார். 'எதிர்பாராத சூழ்நிலையில், தகவல் தொடர்பில் நிகழ்ந்த ஒரு சிறு தவறின் விளைவாக' என்று தொடங்கியது. அண்ணி தோளுக்குப் பின்னால் நின்று படித்து, ஃபோனை வாங்கி, அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இந்த மாதிரி ஆரம்பிச்ச மனுவை நான் பாஸ் பண்ணினதே இல்லை. மறுபடி."

இரண்டாவது முறை எழுதியது சின்னதாக இருந்தது. 'காரை எடுத்து ஒளித்து வைத்தது நான். டிங்கர் திருடவில்லை. மன்னிக்கவும்.' அனுப்பினார். ஷெட்டுக்குள் எட்டு ஃபோன்கள் ஒரே நேரத்தில் சிணுங்கின. டிங்கரின் ஃபோன் மட்டும் சத்தமில்லாமல் இருந்தது.

"எனக்கு வரலை," என்றார். "புதன்கிழமையே என்னைக் குரூப்லேருந்து தூக்கிட்டீங்க."

தலைவர் அவரைத் திரும்பச் சேர்த்தார். அதே மூன்று வரிகளை இன்னொரு முறை அனுப்பினார். இப்போது டிங்கரின் ஃபோனும் சிணுங்கியது. அவர் வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் திரும்பி நின்று படித்தார். மனைவியிடம் காட்டினார். ஷெட்டுக்கு இடம் கொடுத்தவருக்கு அதை அனுப்பினார். பிறகு கட்டைவிரலால் இரண்டு தடவை எதையோ அழுத்தினார்.

எல்லோருடைய திரையிலும் ஒரு சின்னச் சாம்பல் வரி தோன்றியது. 'டிங்கர் குழுவிலிருந்து வெளியேறினார்.'

ஹெட்லைட் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை இன்னொரு முறை படித்தார்.

"என் ரெண்டு மட்கார்டும் அவர் ஷெட்லதான் இருக்கு," என்றார் ஹெட்லைட்.

"என் இன்னொரு வண்டி முழுசுமே," என்றார் பல் டாக்டர்.

வாசலில் டிங்கரின் மனைவி ஸ்கூட்டரைக் கிளப்பினார். கண்ணாடியைப் பார்த்தார். ஓர் ஈ, காக்கைகூட இல்லாத தெருவில் முறைப்படி இண்டிகேட்டர் போட்டார். கணவர் பின்னால் ஏறிக்கொண்டார். எட்டு மனிதர்களும் கையைத் தூக்கியபடி பின்னால் ஓடினார்கள். ஐந்து கார்கள் வாசலில் நின்றும், எதுவும் உடனே ஸ்டார்ட் ஆகாது என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். உண்மையை எப்படிப் படிப்படியாக நெருங்கினேன் என்று விளக்கும் இடம் இது. கேட்பதற்கு மாமியார் வீட்டு ஷெட்டில் தலைவர் ஒருவர்தான் மிச்சம். அவர் கதவைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏங்க," என்றார். நான் பார்க்க அவர் ஒருவரிடம் சந்தேகம் கேட்டது அதுதான் முதல் தடவை. "இந்தப் பட்டியை எப்படிங்க எடுக்கறது?"

எனக்குக் கார்க் கதவைத் திறக்கத் தெரியும். மூடத் தெரியும். அதற்கு மேல் ஒரு மண்ணும் தெரியாது.

"அது ஒண்ணும் பெரிய விஷயமில்லைங்க," என்று ஆரம்பித்தேன். "முதல்ல நல்லா வெந்நீர்..."

அண்ணி என் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்.